ஸ்கைரிம்: மாட் போட்டு விளையாட எந்தக் கடையில் வாங்குவது?

ஸ்கைரிம் என்ற கணினி கேமை இறக்கி, அதன் மெனுவை மாற்றும் ஸ்கையுஐ என்ற மாடை (ரசிகர்கள் எழுதி, கேமில் சேர்த்துக்கொள்ளக் கொடுக்கும் ஃபைல்கள்தான் மாட்) போட்டு, ஆசையாகத் திறந்தால் திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும்: ஸ்கையுஐ எரர் கோடு 1. எஸ்கேஎஸ்இ, அதாவது இதுபோன்ற மாட்களுக்குத் தேவையான துணை நிரல், ஓடவில்லை என்று அர்த்தம். பலருக்கு இது சின்ன விஷயம்தான். கேமை அதன் சொந்த ஐகானில் திறந்திருப்பார்கள். எஸ்கேஎஸ்இ லோடரில் திறந்தால் பெட்டி மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் தலைகீழாக நின்றாலும் அது மறையாது. அவர்கள் கேமை வாங்கிய கடை அப்படி.

ஸ்கைரிம் முதலில் வந்தது 2011 நவம்பர் 11 அன்று. 2016 அக்டோபரில் ஸ்பெஷல் எடிஷன் வந்தது, 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷன். கணினிக்கு இன்று நான்கு கடைகள்: ஸ்டீம், ஜிஓஜி, எபிக், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர். மைக்ரோசாஃப்டின் சந்தாவான கேம் பாஸ் வழியாக இறக்குவதும் கடைசியில் சொன்ன வகைதான். நான்கிலும் அதே வைட்ரன் நகரம், அதே டிராகன், அதே குளிர். சும்மா விளையாடப் போகிறவர் எது மலிவோ அதை வாங்கிக்கொள்ளலாம், இந்தக் கட்டுரையும் அவருக்குத் தேவையில்லை. மாட் போடப் போகிறவருக்குத்தான் நான்கும் நான்கு வேறு சரக்கு.

ஏனென்றால், அவர் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் ஒரு எக்ஸி ஃபைலை, அதாவது கேமை ஓட்டும் முக்கிய நிரலை. அதன் வெர்ஷன் எண் என்ன? அந்த எண்ணை மாற்றும் உரிமை யார் கையில் இருக்கிறது? இந்த இரண்டும் தெரிந்தால் கடை தானாக முடிவாகிவிடும்.

வீட்டு எண் மாறிய தெரு

மாட்களை இரண்டு கூடையாகப் பிரிக்கலாம். முதல் கூடையில் இருப்பவை கேமுக்கே படிக்கத் தெரிந்த ஃபைல்கள்: டெக்ஸ்சர் (பொருட்களின் மேல்பரப்புப் படம்), கவசம், வாள், ஒலி, புது ஊர், புது குவெஸ்ட். ஒரு நகரத்தையும் அதைச் சுற்றிய நிலத்தையும் சேர்க்கிற 'பியாண்ட் ஸ்கைரிம்: புரூமா' போன்ற பெரிய மாட்கூட இந்தக் கூடையில்தான் வரும். இவற்றுக்குக் கடை ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது கூடைதான் வம்பு. ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், சுருக்கமாக எஸ்கேஎஸ்இ, கேமை உருவாக்கிய பெதஸ்டா கொடுத்தது இல்லை. வெளியாட்கள் சிலர் சொந்த ஆர்வத்தில் எழுதி இலவசமாகக் கொடுப்பது. கேம் ஓடத் தொடங்கும் நேரத்தில் அதன் நினைவகத்துக்குள் புகுந்து, இன்ன முகவரியில் இருக்கும் இன்ன ஃபங்ஷனை (நிரலின் ஒரு துண்டை) பிடித்து அதன் வேலையை மாற்றும், புது வேலைகளைச் சேர்க்கும். ஸ்கையுஐ, ரேஸ்மெனு, என்ஜின் ஃபிக்ஸஸ், ஓப்பன் அனிமேஷன் ரீப்ளேசர், ட்ரூ டைரக்‌ஷனல் மூவ்மென்ட், கம்யூனிட்டி ஷேடர்ஸ் எல்லாம் இதன் தோளில் ஏறி நிற்பவை. எண்ணிக்கையில் முதல் கூடைதான் பெரிது. ஆனால் இன்றைய ஸ்கைரிம் புதிய கேம் போலத் தெரிவதற்குக் காரணம் இரண்டாவது கூடைதான். சண்டையின் ஓட்டம், கேமரா, முகம், மெனு, வெளிச்சம் எல்லாம் அங்கிருந்து வருகிறது.

இதில் கடை எங்கே வருகிறது? 'தெருவில் 42ஆம் எண் வீட்டில் கொடு' என்று எழுதி ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். கேமுக்கு ஒரு அப்டேட் வருவது தெருவை இடித்து மறுபடி கட்டுவது மாதிரி. வீடு இருக்கும், எண் மாறியிருக்கும். கடிதம் வேறு யார் வீட்டிலோ போய் விழும், கேம் அப்படியே டெஸ்க்டாப்பில் வந்து விழும். ஒவ்வொரு கடையின் எக்ஸி ஃபைலும் தனியாகக் கட்டிய ஒரு தெரு. ஸ்டீமில் 2024 ஜனவரியில் வந்த வெர்ஷன் 1.6.1170. ஜிஓஜியில் அதற்கு இணையானது 1.6.1179. கடைசி எண்ணில் ஒன்பதுதான் வித்தியாசம் என்றாலும் ஒன்றுக்கான எஸ்கேஎஸ்இ மற்றதில் ஏறாது.

இந்தத் தலைவலியைக் குறைத்தது அட்ரஸ் லைப்ரரி என்ற சின்ன மாட். டெலிபோன் டைரக்டரி மாதிரி, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் எந்த ஃபங்ஷன் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். மாட் எழுதுகிறவர் வீட்டு எண்ணுக்குப் பதில் வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட்டால் போதும், எண்ணை டைரக்டரி பார்த்துச் சொல்லும். ஆனால் அதுவும் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. 2021 நவம்பர் அப்டேட்டில் பெதஸ்டா தன் கம்பைலரை (எழுதிய நிரலை எக்ஸியாக மாற்றும் கருவியை) விஷுவல் ஸ்டுடியோ 2015இலிருந்து 2019க்கு மாற்றியது. தெருவோடு சேர்த்து வீடுகளின் அமைப்பே மாறிப்போனது. அதனால்தான் 1.5 வரிசைக்கு ஒரு டைரக்டரி, 1.6 வரிசைக்கு இன்னொன்று. பிறகு 1.6.629 வந்தபோது உள்ளே தரவு அடுக்கப்பட்ட விதம் கொஞ்சம் நகர்ந்தது, அதற்கு முன் 1.6க்கு எழுதிய பல டிஎல்எல்களை (எஸ்கேஎஸ்இ மாட்களின் நிரல் ஃபைல்களை) மறுபடி கட்ட வேண்டியிருந்தது. மாட் பக்கங்களில் ஒரே மாடுக்கு மூன்று நான்கு ஃபைல்கள் தொங்குவதற்கு இந்த வரலாறுதான் காரணம்.

இது எல்லாப் பழைய ஆர்பிஜி வகைக் கேமுக்கும் பொருந்தும் விதி என்று நினைத்துவிட வேண்டாம். இதே வரிசையில் 2002இல் வந்த மாரோவிண்டை ஓப்பன்எம்டபிள்யூ வைத்து விளையாடுகிறவருக்குக் கடைக் கவலையே கிடையாது. அதில் என்ஜினையே புதிதாக எழுதிவிட்டார்கள். கேமின் தரவு ஃபைல்கள் மட்டும் போதும், எக்ஸி எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். ஸ்கைரிமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எபிக், மைக்ரோசாஃப்ட்: சீக்கிரம் முடித்துவிடலாம்

எஸ்கேஎஸ்இ எபிக் வெர்ஷனையும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வெர்ஷனையும் ஆதரிப்பதில்லை. கதை அங்கேயே முடிந்தது. மைக்ரோசாஃப்ட் பக்கம் எக்ஸி ஃபைல் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது மாதிரி. வெளி நிரல் எதுவும் அதைத் திறந்து பார்க்கவோ உள்ளே புகவோ விடாது. எக்ஸ்பாக்ஸ் ஆப் இப்போதெல்லாம் கேமை நாம் பார்க்கக்கூடிய ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்கிறது, 'மாட் அனுமதி' என்பது போன்ற வசதியும் கண்ணில் படும். அதை நம்பி ஏமாற வேண்டாம். அது டெக்ஸ்சரையும் பிளகினையும் (கேமில் புதுத் தரவு சேர்க்கும் மாட் ஃபைலையும்) உள்ளே வைக்க உதவுமே தவிர எக்ஸியின் பூட்டைத் திறக்காது. அந்தக் கடையின் சேவ் ஃபைல்களும் மற்ற கடைகளைப் போல டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வெளிப்படையாக இருக்காது. நாளைக்கு ஸ்டீமுக்கு மாறலாம் என்று நினைத்தால் 100 மணி நேர விளையாட்டைத் தூக்கிக்கொண்டு வருவது எளிதில்லை.

எபிக்கில் பூட்டு அவ்வளவு கடினமில்லை. ஆனால் அதன் எக்ஸிக்கு எஸ்கேஎஸ்இ கட்டப்படவில்லை என்பதால் முடிவு அதேதான்.

அப்போது இந்த இரண்டும் யாருக்கு? ஏற்கெனவே சந்தா கட்டியிருப்பவர், கேம் தனக்குப் பிடிக்குமா என்று பார்க்க விரும்புகிறவர், பத்து டெக்ஸ்சரும் ஒரு புது வீடும் போட்டால் போதும் என்பவர். எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் எஸ்கேஎஸ்இயே இல்லாமல், 5 ஜிபி வரம்புக்குள் ரசித்து ரசித்து மாட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யூடியூபில் பார்த்த அந்தச் சண்டை அசைவு வேண்டும், அந்த முகம் வேண்டும் என்று வருகிறவர் இங்கே காசு போட்டால் அது கிணற்றில் போட்ட கல்தான்.

ஃபால்அவுட் 4 ரசிகர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள். 2024 ஏப்ரல் 25 அன்று அந்தக் கேமுக்கு வந்த பெரிய அப்டேட்டால், அதே வாரத்தில் வெளிவர இருந்த 'ஃபால்அவுட்: லண்டன்' என்ற முழுநீள மாட் தள்ளிப்போய் ஜூலை 25 அன்றுதான் வந்தது. அதுவும் ஸ்டீம், ஜிஓஜி பதிப்புகளுக்கு மட்டும். எபிக்கில் வாங்கியவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.

ஸ்டீமா, ஜிஓஜியா?

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டிலும் எஸ்கேஎஸ்இ ஓடும். இரண்டுக்கும் தனித்தனி டவுன்லோடு இருக்கிறது; 2.2.6 என்ற ஒரே எண்ணில் ஸ்டீம் 1.6.1170க்கு ஒன்று, ஜிஓஜி 1.6.1179க்கு ஒன்று. மாறி எடுத்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்வது ஜிஓஜிக்காரர்களின் தொடக்கச் சடங்கு.

ஸ்டீமின் பலம் கூட்டம். மாட் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்டீம் வெர்ஷனை வைத்துத்தான் எழுதுகிறார்கள், அதில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். 'என் கேம் இந்த இடத்தில் விழுகிறது' என்று நீங்கள் கேட்டால், அதே இடத்தில் விழுந்து எழுந்த ஒருவர் ஸ்டீமில் கண்டிப்பாக இருப்பார். வாபாஜாக் விஷயத்தில் இந்தப் பலம் இன்னும் பெரிது. நூற்றுக்கணக்கான மாட்களை ஒரே மூச்சில் இறக்கி அடுக்கித் தரும் கருவி அது. வேலையைத் தொடங்கும் முன் கேமின் சொந்த ஃபைல்களையும் ஒவ்வொன்றாக ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) போட்டுச் சரிபார்க்கும். பெரும்பாலான ஸ்கைரிம் பட்டியல்கள் ஸ்டீம் ஃபைல்களை வைத்துக் கட்டப்பட்டவை. ஒரு ஃபைல் வேறாக இருந்தாலும் நகராது. ஆயிரம் மாட் போட்ட ஆயத்தப் பட்டியல் ஒன்றை இறக்கி விளையாடுவதுதான் உங்கள் எண்ணம் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், ஸ்டீமை வாங்குங்கள். லினக்ஸிலோ ஸ்டீம் டெக்கிலோ விளையாடுகிறவருக்கும் அதே பதில்தான். ஜிஓஜி கேமை ஹீரோயிக் லாஞ்சர் வழியாக அங்கே ஓட்டலாம் என்றாலும் ஒரு படி கூடுதல்.

ஸ்டீமின் பலவீனமும் தெரிந்ததே: அப்டேட். 2021 நவம்பர் மாதிரி, 2023 டிசம்பர் 5 அன்றும் ஒன்று வந்தது. கிரியேஷன்ஸ் என்ற புது மெனுவைக் கொண்டுவந்து எக்ஸியை 1.6.1130க்குத் தள்ளியது. முந்தைய நாள் இரவு நன்றாக ஓடிய கேம், மறுநாள் எஸ்கேஎஸ்இ வெர்ஷன் பொருந்தவில்லை என்று நின்றது. அடுத்த மாதமே 1.6.1170 வந்து, சரிசெய்தவர்களை மறுபடி சரிசெய்ய வைத்தது. ஸ்டீமில் அப்டேட்டை முழுதாக நிறுத்தும் பொத்தான் கிடையாது. 'கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்று வைக்கலாம். அப்புறம் எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறக்கலாம். பழக்கதோஷத்தில் ஒரு நாள் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போச்சு.

சிலர் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரில் 489830 என்ற எண் உள்ள மேனிஃபெஸ்ட் ஃபைலை ரீட் ஒன்லி ஆக்கி வைப்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது ஸ்டாக் கேம் முறை: கேம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் என்ற கருவி இருக்கும் இடத்தில் வைத்து, மாட் எல்லாவற்றையும் அந்த நகலோடு இணைத்துவிடுவது. ஸ்டீம் தன்னிடம் உள்ள மூலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அப்டேட் செய்து கொள்ளட்டும், நம் நகலைத் தொடாது. நகல் ஓடுவதற்கு ஸ்டீம் பின்னால் திறந்திருந்தால் போதும். ஸ்பெஷல் எடிஷன் சுமார் 12 ஜிபி. டிஸ்கில் அந்த இடம் இருந்தால் ஸ்டீமின் பெரிய குறை அன்றோடு தீர்ந்தது. எனக்கு ஸ்டீம் பக்கம் சாய்வு வந்ததும் இதனால்தான்.

ஜிஓஜியில் இந்தச் சுற்றுவழியே தேவையில்லை. 2022 செப்டம்பரில்தான் ஸ்கைரிம் அங்கே வந்தது, வந்தபோதே டிஆர்எம் என்ற நகல் தடுப்புப் பூட்டு இல்லாமல் வந்தது. இன்ஸ்டாலரை இறக்கி ஒரு வெளி டிஸ்கில் போட்டுவிட்டால் அந்த வெர்ஷன் ஆயுளுக்கும் உங்களுடையது. ஜிஓஜியின் கேலக்ஸி ஆப் இல்லாமலேயே கேம் ஓடும். ஆப் வைத்திருந்தாலும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தலாம், முந்தைய வெர்ஷனுக்குத் திரும்பவும் அதில் வழி இருக்கிறது. இணையம் வந்து போகிற ஊரில் இருப்பவருக்கும், ஒரு முறை அமைத்துவிட்டு மூன்று வருடம் கை வைக்காமல் விளையாடுகிறவருக்கும் இதைவிட நிம்மதி இல்லை. ஒன்று மட்டும்: இன்ஸ்டாலரை நீங்கள்தான் பத்திரப்படுத்த வேண்டும். புது வெர்ஷன் வந்தால் தளத்தில் பழைய இன்ஸ்டாலர் மாறிவிடும்.

சரி, மாட்கள்? அட்ரஸ் லைப்ரரியை ஒழுங்காகப் பயன்படுத்தும் எஸ்கேஎஸ்இ மாட்களில் பெரும்பாலானவை ஜிஓஜியிலும் ஓடுகின்றன. முகவரியை நேரடியாக எழுதி வைத்த பழைய டிஎல்எல்கள் ஓடாது, அவற்றுக்கு ஜிஓஜிக்கென்று தனி ஃபைல் இருந்தால்தான் உண்டு. தொல்லை எங்கே என்றால், மாட் பக்கத்தில் ஜிஓஜி என்ற சொல்லே இருக்காது. ஓடுமா ஓடாதா என்று போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பது மாட்களில் ஒன்று தகராறு செய்தால் பரவாயில்லை. ஐந்நூறில் பத்து தகராறு செய்தால் வார இறுதி போய்விடும்.

இன்னொரு சின்ன முள். ஸ்டீமில் டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ் ஃபோல்டரில் 'ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்' என்று இருக்கும். ஜிஓஜியில் அதன் வால் பகுதியில் ஜிஓஜி என்று சேர்ந்திருக்கும். கேமின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலும் சேவ் ஃபைலும் அங்கேதான். வழிகாட்டிகள் எல்லாம் முதல் பெயரைத்தான் சொல்லும், நீங்கள் போய் அந்த ஃபோல்டரில் ஐஎன்ஐயைத் திருத்திவிட்டு ஏன் ஒன்றும் மாறவில்லை என்று உட்கார்ந்திருப்பீர்கள். சில பழைய கருவிகளும் அப்படித்தான், ஸ்டீம் இருக்கும் இடத்திலேயே கேமைத் தேடும். கையால் வழி காட்ட வேண்டும். மாட் ஆர்கனைசரும், அதே வேலையைச் செய்யும் வோர்டெக்ஸும் ஜிஓஜியை நன்றாகவே அடையாளம் கண்டுகொள்கின்றன, அங்கே கவலையில்லை.

கடை மாறுகிறவருக்கு ஒரு வார்த்தை. சேவ் ஃபைல்களை நகலெடுக்கும்போது இஎஸ்எஸ் ஃபைலோடு அதே பெயரில் எஸ்கேஎஸ்இ ஃபைலும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே எடுங்கள். ஒன்றை விட்டால் சேவ் திறக்கும், ஆனால் எஸ்கேஎஸ்இ மாட்கள் தங்கள் நினைவில் வைத்திருந்ததை எல்லாம் மறந்திருக்கும்.

ஆனிவர்சரி என்ற பெயர்க் குழப்பம்

ஆனிவர்சரி எடிஷனைத் தனி கேம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்பெஷல் எடிஷன் வைத்திருப்பவர் காசு கட்டி வாங்கும் ஒரு மூட்டை அது: பெதஸ்டாவின் கட்டண மாட் கடையான கிரியேஷன் கிளப்பின் 74 உருப்படிகள், சுமார் 20 டாலர். எக்ஸி ஃபைல் இருவருக்கும் ஒன்றுதான். மூட்டை வாங்காதவர்களுக்கும் மீன்பிடித்தல், சர்வைவல் மோட், செயின்ட்ஸ் அண்ட் செட்யூசர்ஸ், ரேர் கியூரியோஸ் என்ற நான்கு உருப்படிகள் இலவசமாக வந்துவிடுகின்றன.

குழப்பம் எங்கே பிறந்தது என்றால், மாட் எழுதுகிறவர்கள் 'ஏஇ வெர்ஷன்' என்று சொல்லும்போது 1.6 எக்ஸியைக் குறிக்கிறார்கள், மூட்டையை அல்ல. மூட்டை வாங்காதவரும் அவர்கள் கணக்கில் ஏஇதான். 'எஸ்இ வெர்ஷன்' என்றால் 1.5.97. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் தவறான ஃபைலை இறக்குவது பாதியாகக் குறையும்.

மூட்டை வேண்டுமா? தனியாக மாட் போடுகிறவருக்கு அவசியமில்லை என்பேன். அதிலுள்ள வாள்களையும் வீடுகளையும்விட நல்லவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பல வாபாஜாக் பட்டியல்கள் அதைக் கட்டாயமாகக் கேட்கும். ஒரு பட்டியலின் மேல் கண் வைத்திருந்தால் முதலில் அதன் தேவைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஸ்டீமில் வாங்கியபின் கேமை ஒருமுறை திறந்து, மெனுவிலிருந்து அந்த உருப்படிகளை இறக்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்களுக்குத்தான் வாபாஜாக் 'ஃபைல் இல்லை' என்று நீளமாகப் பட்டியல் போடும். ஒரு கடையில் வாங்கிய மூட்டை இன்னொரு கடையின் கேமில் ஏறாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

1.5.97 இன்னும் தேவையா?

ஸ்டீமில் வாங்கியவருக்கு மட்டும் உள்ள ஒரு கூடுதல் தேர்வு இது. 2021க்கு முன் கடைசியாக இருந்த 1.5.97க்குத் திரும்ப டவுன்கிரேடு பேட்சர் என்ற கருவி இருக்கிறது. முழுவதையும் பழையதாக்கலாம், அல்லது புதுத் தரவுகளை வைத்துக்கொண்டு எக்ஸியை மட்டும் பழையதாக்கலாம். ஜிஓஜியில் 1.5.97 ஒருபோதும் வந்ததில்லை, அந்தக் கேள்வியே அங்கே எழாது.

2022இல் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 1.5.97 என்று சொல்லியிருப்பேன். பல நல்ல டிஎல்எல்கள் அப்போது அதற்கு மட்டும்தான் இருந்தன. பிறகு காமன்லிப் என்ஜி என்ற நிரல் தொகுப்பு வந்தது. ஒரே டிஎல்எல் பழைய வெர்ஷனிலும் புதியதிலும் ஹெட்செட் மாட்டி ஆடும் விஆரிலும் ஓடும்படி எழுத அது வழி செய்தது. இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. ஸ்கைரிமின் பிழைகளைத் திருத்தும் அன்அஃபீஷியல் பேட்ச்கூட 4.2.5பி வரைதான் பழைய வெர்ஷனுக்கு. அதற்குப் பின் வந்தவை அந்த நான்கு இலவச உருப்படிகளோடு 1.6ஐக் கேட்கின்றன. லைட் பிளகின் விஷயமும் உண்டு. சாதாரண பிளகின்கள் 254க்கு மேல் ஏறாது. லைட் வகையில் 4096 வரை ஏற்றலாம். அந்த லைட் பிளகின் ஒன்றுக்குள் புதிதாகச் சேர்க்கக்கூடிய ரெகார்டுகள் 2048ஆக இருந்து 1.6.1130 முதல் 4096 ஆனது. அதை நம்பி எழுதிய புது மாட்களைப் பழைய எக்ஸி தானாகப் படிக்காது. பீஸ் என்ற துணை மாட் போட்டால் படிக்கும்.

ஆகவே, கைவிடப்பட்ட ஏதோ ஒரு பழைய எஸ்கேஎஸ்இ மாட் இல்லாமல் உங்களால் விளையாட முடியாது என்றால் மட்டும் 1.5.97. மற்றவர்கள் 1.6.1170இலேயே இருங்கள். ஒருமுறை 1.6இல் தொடங்கிய சேவ் ஃபைலைப் பழைய எக்ஸியில் திறந்து பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

2011இன் பழைய 32 பிட் ஸ்கைரிம் யாராவது மலிவாகக் கொடுத்தால்? வேண்டாம். அதன் நினைவகம் 4 ஜிபிக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். விஆர் வேறு உலகம்: 2018இல் கணினிக்கு வந்த தனி கேம், எக்ஸி 1.4.15, அதற்குத் தனி எஸ்கேஎஸ்இ. ஹெட்செட் இல்லாதவருக்கு அதில் வேலையில்லை.

வாங்கும் முன்பும் வாங்கிய கையோடும்

எனக்கு இப்போது புதிதாக வாங்க வேண்டும் என்றால் ஸ்டீமில் ஸ்பெஷல் எடிஷனை மட்டும் தள்ளுபடியில் வாங்கி, அன்றே ஸ்டாக் கேம் நகல் எடுத்து வைப்பேன். விலை ரூபாயில் இருப்பதும் வசதி. நூறு மாட்களுக்குள் முடித்துக்கொள்கிற, அதற்குப் பிறகு எதையும் தொட விரும்பாத நண்பருக்கு ஜிஓஜியைத்தான் சொல்வேன், தயங்காமல். ஏற்கெனவே எபிக்கில் மலிவாகக் கிடைத்ததை வைத்திருப்பவர் அதை மாட் இல்லாத முதல் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் ஆட்டத்தை மாட் இல்லாமல் ஆடுவதில் ஒரு லாபமும் உண்டு, எது கேமின் குறை, எது மாடின் குறை என்று பிறகு பிரித்துப் பார்க்கத் தெரியும்.

எந்தக் கடையாக இருந்தாலும் கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அங்கே எழுத விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும். கருவிகள் பாதி வேலையைச் செய்துவிட்டுச் செய்து முடித்ததாக நடிக்கும். சி டிரைவிலோ டி டிரைவிலோ தனி ஃபோல்டர் ஒன்று போடுங்கள்.

காசைத் திரும்பப் பெறும் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். எஸ்கேஎஸ்இ வழியாகத் திறந்தாலும் ஸ்டீம் அந்த நேரத்தை எண்ணும், ஆனால் மாட் ஆர்கனைசரில் நீங்கள் அடுக்கிக்கொண்டிருக்கும் நேரம் கணக்கில் வராது. ஜிஓஜியில் 30 நாள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். அதனால் வாங்கியவுடன் நூறு மாட்களை இறக்காதீர்கள். கேமை ஒருமுறை சும்மா திறந்து மூடுங்கள், ஐஎன்ஐ ஃபைல்கள் உருவாகட்டும். உங்கள் கடைக்குரிய எஸ்கேஎஸ்இயை மட்டும் போட்டு அதன் லோடரில் திறங்கள். எஸ்கேப் விசைக்குக் கீழே உள்ள விசையை அழுத்தினால் கட்டளை தட்டும் கன்சோல் திறக்கும். அதில் 'கெட்எஸ்கேஎஸ்இவெர்ஷன்' (getskseversion) என்ற கட்டளையை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். ஒரு எண் வந்தால் அடுத்து ஸ்கையுஐ போடலாம். வராவிட்டால் எஸ்கேஎஸ்இ ஃபைல் உங்கள் எக்ஸி எண்ணுக்கு உரியதுதானா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்து எண் வரவில்லை என்றால், அந்த இரண்டு மணி நேரம் முடிவதற்குள் கேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.